ஒரு ஜோடி சைக்கிள் சக்கரம் இரண்டு மோட்டார்சைக்கிள் விலை: அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?

கெர்லிங் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது, விவரம் தெரிந்தவர்கள் நேராகப் பதில் சொல்லுங்கள்.

நான் கெர்லிங் பக்கம், செம்பனை ஆலையில் வேலை. ஓட்டுவது அலுமினிய ஃபிரேம் சைக்கிள், ஷிமானோ கம்பெனியின் டியாக்ரா கியர் செட், 10 ஸ்பீடு. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கோல குபு பாருவில் கூடும் கூட்டத்தோடு சேர்ந்து அணைக்கட்டைத் தாண்டி கேப் என்கிற மலைக்கணவாய் வரைக்கும் ஏறுவேன், கால் ஒத்துழைத்தால் பிரேசர் மலை உச்சிக்கும் போவதுண்டு. கூட்டத்தில் கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் அதிகம். பசியாற உட்கார்ந்திருந்தபோது ஒருவர் தன் கார்பன் சக்கரங்களின் விலையைச் சொன்னார், ஒரு ஜோடி பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். எங்கள் ஆலையில் பாதிப் பேர் ஓட்டும் ஹோண்டா இஎக்ஸ்5 புதிதாகவே ஐயாயிரம் வெள்ளி பக்கம்தான். அதில் இன்ஜின், கியர்பாக்ஸ், விளக்கு, இரண்டு பேர் உட்கார சீட்டு எல்லாம் இருக்கிறது. இங்கே வெறும் ரிம், கம்பி, நடுவில் ஒரு ஹப்.

பின்சக்கரத்துப் பற்சக்கரக் கொத்தான கேசட்டும் இதே கதை. ஷிமானோவின் இடைத்தட்டு 105க்கும் உச்சியில் இருக்கும் டுரா-ஏஸுக்கும் பன்னிரண்டு பற்சக்கரம்தான், ஆனால் விலை பல மடங்கு. பேருக்காக மட்டும் வாங்கும் காசா இது, இல்லை உண்மையிலேயே உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா? கையில் மூவாயிரம் வெள்ளி போலச் சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் போட்டால் மலையில் பலன் தெரியும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ராவாங் லேத்:

தம்பி, நான் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன், உலோகம் வெட்டுவதுதான் பிழைப்பு. அதனால் செய்முறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த மோட்டார் கணக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான், அதற்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. இஎக்ஸ்5 வந்த சூப்பர் கப் மோட்டார் குடும்பத்தில் ஹோண்டா 2017-ல் 10 கோடியாவது வண்டியைச் செய்து முடித்தது. பத்துக் கோடி. பாகம் வார்க்கும் ஒரு டை செய்யப் பத்து லட்சம் வெள்ளி ஆனாலும் கோடிக்கணக்கான வண்டிக்குப் பங்கு போட்டால் ஒரு வண்டியின் தலையில் விழுவது சில்லறைக் காசு. அதோடு அந்த இன்ஜினின் அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆராய்ச்சிச் செலவெல்லாம் என்றைக்கோ திரும்பி வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் போட்டிருக்கும் 50 மில்லிமீட்டர் கார்பன் ரிம் அப்படி இல்லை. அந்த ஆழம், அந்த அகலம், அந்த வருட வடிவம், இதற்கென்று தனி எஃகு மோல்ட், அதாவது அச்சு, குடைய வேண்டும். உலகம் முழுக்க விற்பது சில ஆயிரம் ஜோடிதான், மூன்று நான்கு வருடத்தில் புது வடிவம் வந்துவிடும், பழைய மோல்ட் மூலைக்குப் போகும். ஃபிரேம் என்றால் இன்னும் மோசம், 49, 52, 54, 56 என்று ஒவ்வொரு அளவுக்கும் தனி மோல்ட்.

அப்புறம் கார்பன் வேலை பெரும்பாலும் கைவேலை என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானின் டோரே மாதிரிக் கம்பெனிகள் செய்யும் கார்பன் நாரைப் பிசின் ஊறிய துணியாக்கி, பிசின் இறுகிவிடாமல் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அதை வெளியே எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் எந்த இடத்தில் என்று வரைபடம் பார்த்துக் கையால் ஒட்ட வேண்டும். ஒரு நல்ல ஃபிரேமில் இப்படிச் சில நூறு துண்டுகள் இருக்கும். ஒரு துண்டு மடிந்துவிட்டாலோ உள்ளே காற்று சிக்கிக்கொண்டாலோ மோல்டிலிருந்து வரும்போது அது கழிவு, உருக்கித் திரும்ப ஊற்ற முடியாது. அலுமினியத்தில் எங்களுக்கு ஒரு பீஸ் கெட்டால் சீவலோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாவது கொஞ்சம் காசு வரும். கார்பனில் அதுவும் இல்லை. எடை குறையக் குறைய சுவர் மெல்லியதாகிறது, மெல்லியதாக ஆக ஒட்டும் தவற்றுக்கு இடமே இல்லாமல் போகிறது, கழிவு கூடுகிறது. விற்கிற சக்கரத்தின் விலையில் விற்காத சக்கரத்தின் விலையும் சேர்ந்திருக்கிறது.

இப்போது கேசட். 105 கேசட்டின் பற்சக்கரங்கள் எஃகுத் தகட்டிலிருந்து பிரஸ்ஸில் அடித்தெடுப்பவை, நிமிடத்துக்கு எத்தனையோ விழும். டுரா-ஏஸில் பின்னால் இருக்கும் பெரிய பற்சக்கரங்கள் டைட்டானியம். டைட்டானியத்தை வெட்டியவனுக்குத்தான் அதன் குணம் தெரியும். சூடு உலோகத்துக்குள் பரவாமல் வெட்டும் முனையிலேயே தங்கிவிடும், வேகத்தைக் கூட்டினால் டூல் எரிந்துபோகும், மெதுவாகத்தான் ஓட்ட முடியும், இன்சர்ட் சீக்கிரம் தேயும். எங்கள் இடத்தில் டைட்டானியம் வேலை வந்தால் மணிக்கணக்கே வேறு. ஸ்ரேம் கம்பெனி வேறு வழியில் போகிறது. தன் உச்சி வகையான ரெட் கேசட்டின் பெரும்பகுதியை ஒரே எஃகுக் கட்டியிலிருந்து குடைந்தெடுக்கிறார்கள். கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார், பற்சக்கரங்களுக்கு நடுவே தட்டு எதுவும் இருக்காது, மெல்லிய எஃகுக் கூடு மாதிரி ஒரே துண்டாக உள்ளே வெற்றிடமாக இருக்கும். அந்த வெற்றிடம் முழுக்க மெஷின் வெட்டித் தள்ளிய சீவல். உலோகத்துக்கும் காசு கொடுக்கிறோம், அதை வெட்டி எறிந்த நேரத்துக்கும் காசு கொடுக்கிறோம்.

ஆக உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு மூன்று மடங்கு என்றால் விலை நான்கு மடங்கு வைப்பதும் நடக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். உச்சியில் வாங்குகிறவர்கள் நூறு இருநூறு வெள்ளிக்காகத் திரும்பிப் போக மாட்டார்கள் என்று விற்பவனுக்குத் தெரியும்.

---

கேப் ஏறி:

ராவாங் அண்ணன் சொன்னதில் கடைசிப் பத்தியைத் தவிர எல்லாம் சரி. நான் மாநில அளவில் சில வருடம் ஓட்டியவன், டுரா-ஏஸும் ஓட்டியிருக்கிறேன், 105-ம் ஓட்டியிருக்கிறேன், அதனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

மேல்தட்டுப் பாகம் பணக்காரர்களுக்காகச் செய்வதல்ல, போட்டிக்காகச் செய்வது. போட்டியில் யுசிஐ என்கிற உலகச் சைக்கிள் சங்கம் சைக்கிளின் குறைந்தபட்ச எடையை 2000-ம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் காற்றைக் கிழிக்கும் ஃபிரேம், டிஸ்க் பிரேக், மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் எல்லாம் அடக்க வேண்டும் என்றால் கேசட்டிலும், பெடலைத் தாங்கும் கையான கிராங்கிலும் கிராம் கிராமாகத்தான் உருவ முடியும். முழு செட்டாக டுரா-ஏஸ் டிஸ்க் ஏறத்தாழ 2.4 கிலோ, அதற்கு அடுத்த படியான அல்டெக்ரா 2.7, மின்சார 105 3 கிலோ. ஒவ்வொரு படிக்கும் 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நமக்கு அது சின்ன எண்ணிக்கை, போட்டியில் அதற்காக இன்ஜினியர்கள் வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள்.

அந்த ஆராய்ச்சிக்கு முதலில் காசு கொடுக்கிறவர்கள் மேலே வாங்குகிறவர்கள்தான். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் எஸ்டிஐ 1990-ல் டுரா-ஏஸில் வந்தது, இன்றைக்குப் பாசார் மாலாம் விலைக்கு வரும் அடித்தட்டு கிளாரிஸிலும் அது இருக்கிறது. மின்சார கியர் 2009-ல் டுரா-ஏஸில் வந்தது, 2022-ல் 105-க்கு இறங்கியது. மேலே யாரும் வாங்காமல் போயிருந்தால் கீழே நமக்கு எதுவும் வந்திருக்காது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் நம் டிராக் அணி ஓட்டிய வோர்டெக் சைக்கிள் 23,000 பவுண்டுக்கு மேல். அப்போது பலரும் அந்த விலையைப் பார்த்துத் திட்டினார்கள். ஆனால் அஸிசுல்ஹஸ்னி அவாங் அங்கே கெய்ரின் எனும் டிராக் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். கெய்ரினில் பதக்கத்துக்கும் வெறும் கைக்கும் நடுவே இருப்பது பல நேரம் சில அங்குலம். அந்த இடத்தில் நிற்கிறவருக்குக் காற்றுச் சுரங்கத்தில் செலவழித்த ஒவ்வொரு மணி நேரமும் தேவை. ஒலிம்பிக்குக்கு என்று எத்தனை வண்டி செய்வார்கள்? அத்தனை செலவும் அந்தச் சில வண்டிகளின் தலையில்தானே விழும்.

தம்பிக்கு டுரா-ஏஸ் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. அது வேறு கேள்வி. விலை பொய் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

---

கணக்கு அக்கா:

நான் பத்தாங் காலியில் இருக்கிறேன், கணக்கியல் வேலை, சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது கோவிட் சமயத்தில். அண்ணன்மார் இரண்டு பேரும் தொடாத ஒன்று இருக்கிறது. நம் ரிங்கிட்.

இந்தப் பாகங்கள் எல்லாம் டாலரிலோ யூரோவிலோ யென்னிலோ விலை குறிக்கப்படுபவை. 2014 நடுவில் ஒரு டாலருக்கு 3.20 வெள்ளி போலக் கொடுத்தோம். 2024 பிப்ரவரியில் 4.80-க்குப் பக்கத்தில் போனது, 1998-க்குப் பிறகு அவ்வளவு இறங்கியது அப்போதுதான். ஆயிரம் டாலர் பொருள் ஒன்று, உற்பத்தி செய்தவன் ஒரு காசு கூட்டாமலேயே, நமக்கு 3,200-லிருந்து 4,800 ஆகிவிட்டது. அதன் பிறகு ரிங்கிட் மீண்டு வந்திருக்கிறது, ஆனால் கடைகளில் பழைய விலைக்கு வாங்கி அடுக்கிய சரக்கு இருக்கும்வரை விலைச்சீட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சம்பளம் ரிங்கிட்டில் வாங்குகிறவர்களுக்கு வலி இங்கேதான். ஜெர்மனியில் இருக்கும் ஒருவருக்கு டுரா-ஏஸ் செட் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது பல மாதச் சம்பளம். பொருளின் விலை ஒன்று, அதைத் தொட நாம் உழைக்கும் நேரம் வேறு.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் மலிவு என்று முன்பு எல்லாரும் வாங்கினோம். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது. பெரிய சங்கதி இல்லை, ஆனாலும் சங்கிலிக்கும் டயருக்கும் கூட அது சேர்கிறது.

இன்னொன்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஷிமானோவுக்கு ஜோகூர் பொந்தியானில் தொழிற்சாலை இருக்கிறது. உங்கள் வண்டியின் பின்பக்க டீரெய்லரை, சங்கிலியைப் பற்சக்கரம் மாற்றும் பாகம், ஆர்டி என்கிறோமே அதை, துடைத்துவிட்டு உட்பக்கம் பாருங்கள், 105, அல்டெக்ரா மாதிரி இடைத்தட்டுப் பாகங்கள் பலவற்றில் மலேசியா என்று அச்சு இருக்கும். டுரா-ஏஸ் பெரும்பாலும் ஜப்பானிலேயே செய்கிறார்கள். இங்கே செய்த பொருள் நமக்கு ஏன் மலிவாகக் கிடைக்கவில்லை என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அது நம் கடைக்காகச் செய்யும் பொருள் இல்லை. உலகம் முழுக்கச் சைக்கிள் பூட்டும் கம்பெனிகளுக்குப் போகும் சரக்கு, விலைப்பட்டியல் ஜப்பானில் தீர்மானமாகிறது, நடுவில் விநியோகஸ்தர், பிறகு கடை. பொந்தியானுக்கும் கெர்லிங்குக்கும் உள்ள தூரம் விலையில் எந்த மாற்றமும் செய்யாது.

கோவிட் முடிந்த பிறகு நடந்ததையும் பாருங்கள். ஷிமானோவின் விற்பனை 2022-ல் 62,900 கோடி யென் போல, அடுத்த வருடமே 47,400 கோடி யென்னாக விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்கினார்கள், கம்பெனிகள் ஓடி ஓடிச் செய்து குவித்தன, பிறகு வாங்க ஆளில்லை. அதனால்தான் முழு வண்டிகளுக்கு நல்ல தள்ளுபடி போட்டார்கள். பாகம் தனியாக வாங்குவதைவிட முழு வண்டியாக வாங்குவது எப்போதுமே மலிவு, ஏனென்றால் வண்டிக் கம்பெனி ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறது. 105 செட்டைத் தனியாகக் கடையில் வாங்கிப் பூட்டக் கூலியும் கொடுத்தால், தள்ளுபடியில் 105 போட்ட முழு வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

---

தஞ்சோங் மாலிம் பட்டறை:

ஏழாம் நம்பர் ஸ்பேனர் பிடித்த காலத்திலிருந்து சைக்கிள் பார்க்கிறேன், இப்போது கடையும் வைத்திருக்கிறேன். விற்றால் எனக்கு லாபம், ஆனாலும் தம்பிக்கு உண்மையைச் சொல்கிறேன்.

விலை கூடினால் நீடித்து உழைக்கும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். லோரிக்கும் மோட்டாருக்கும் அது சரியாக இருக்கலாம். சைக்கிளில் ஒரு கட்டம் வரைக்கும்தான் சரி. கிளாரிஸிலிருந்து டியாக்ரா, டியாக்ராவிலிருந்து 105, இதுவரை காசு கூடக் கூட வேலைப்பாடு, உழைப்பு, பிரேக் எல்லாம் கூடுகிறது. 105-க்கு மேலே போகும் காசு பெரும்பாலும் எடைக்குப் போகிறது. டுரா-ஏஸ் கேசட்டின் டைட்டானியப் பற்கள் 105-ன் எஃகுப் பற்களைவிடச் சீக்கிரம் தேயும், அதை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. நம் பக்கத்துச் சாலையை யோசித்துப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் செம்பனை லோரி டயரோடு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, மத்தியானம் மழை பெய்தால் அது சேறு, வெயில் வந்தால் தூசி. அந்த மண் சங்கிலி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. ஐரோப்பாவில் போட்டிக்காரன் வண்டியைத் தினமும் மெக்கானிக் கழுவித் துடைத்து வைக்கிறார். இங்கே ஷிப்ட் முடிந்து வந்து நாமே துடைக்க வேண்டும்.

பட்டறைக்கு வரும் வண்டிகளில் நான் முதலில் எடுப்பது சங்கிலி அளக்கும் கருவி. 11, 12 ஸ்பீடு சங்கிலி 0.5 விழுக்காடு நீண்டதும் மாற்றிவிட வேண்டும். நூறு சொச்சம் வெள்ளிச் சங்கிலியைக் காலத்தில் மாற்றினால் கேசட் இரண்டு மூன்று சங்கிலி தாங்கும். மாற்றாமல் ஓட்டினால் பற்கள் சுறாப் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அப்புறம் புதுச் சங்கிலி போட்டால் வழுக்கும், கேசட்டும் போகும். டுரா-ஏஸ் கேசட்டோடு இப்படி ஒருவர் வந்தால் அவரிடம் விலை சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும்.

கேப் ஏறி தம்பி சொன்ன ஆராய்ச்சி நியாயத்தை மதிக்கிறேன், ஆனால் எடையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கிராங்கை உள்ளே வெற்றிடமாக்க இரண்டு ஓடுகளைச் செய்து பசையால் ஒட்டினார்கள், அல்டெக்ராவும் டுரா-ஏஸும் அப்படித்தான். அந்த ஒட்டு சில கிராங்குகளில் பிரிந்து வர ஆரம்பித்து, 2023 செப்டம்பரில் ஷிமானோவே 11 ஸ்பீடு கிராங்குகளை உலகம் முழுக்கச் சோதிக்கச் சொன்னது, 28 லட்சம் கிராங்குகள். 105 அந்தப் பட்டியலில் இல்லை. விலை குறைந்ததுதான் அங்கே நிம்மதியாக ஓடியது.

போலிச் சரக்கையும் சொல்லிவிடுகிறேன். விலை ஏறியதால்தான் போலி பெருகியது. கார்பன் ஹேண்டில்பாரும் சீட்போஸ்டும் பெரிய கம்பெனிப் பேர் ஒட்டி முந்நூறு வெள்ளிக்கு இணையத்தில் கிடைக்கிறது. ஹேண்டில்பார் இறக்கத்தில் உடைந்தால் பல்லும் தாடையும் போகும். பேரே இல்லாத நல்ல அலுமினிய பார் நூறு வெள்ளிக்கு வாங்கிப் போடுங்கள், போலிக் கார்பன் வேண்டாம். சொந்தப் பேரில் விற்கும் சீனக் கம்பெனிகள் வேறு, அவற்றில் வின்ஸ்பேஸ், எலைட்வீல்ஸ் மாதிரி சில நல்ல சக்கரம் செய்கின்றன, பெரிய கம்பெனி விலையில் பாதிக்கும் கீழே. அதுவே ஒரு பதில், மோல்டும் கைவேலையும் அவர்களுக்கும் உண்டு, விளம்பரமும் போட்டி அணிக்குக் கொடுக்கும் காசும் அவர்களுக்குக் குறைவு.

---

கேப் ஏறி:

பட்டறை அண்ணே, கிராங்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறை வந்தது ஒட்டும் முறையால், எடை குறைந்தது என்பதால் மட்டும் இல்லை. அணிகளுக்குக் கொடுக்கும் காசை வீண் செலவு என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. லங்காவி டூர் 1996-லிருந்து நடக்கிறது, கெந்திங்கில் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாம் சைக்கிளுக்கு வந்தோம். சைக்கிள் கம்பெனிகள் காசு போடாமல் விட்டால் பல அணிகளே இருக்காது. ரசிகர்களிடம் டிக்கெட் விற்க முடியாத விளையாட்டு இது, சாலையோரம் யாரும் நின்று இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு வரும் காசு எங்கிருந்தாவது வர வேண்டும்.

தம்பி மலைக்குக் கேட்டான், அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கோல குபு பாருவிலிருந்து கேப் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அங்கிருந்து உச்சிக்கு 8. ஏற்றம் நீளம், ஆனால் செங்குத்து இல்லை, வளைந்து வளைந்து மெதுவாக ஏறும். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ, ஏற இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அரை கிலோ குறைத்தால் மிச்சமாவது அரை நிமிடம் போல. 105-க்கும் டுரா-ஏஸுக்கும் உள்ள வித்தியாசமே அந்த அரை கிலோதான். ஒரு சின்னப் போத்தல் தண்ணீரைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினால் அதே அரை நிமிடம். போட்டியில் அரை நிமிடம் பெரிசு, ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை.

மலிவு டயரிலிருந்து நல்ல டயருக்கு மாறினால் ஒரு ஜோடியில் 10 வாட்டுக்கு மேல் மிச்சமாகும். மட்டத்திலும் மிச்சம், மலையிலும் மிச்சம். கான்டினென்டல் ஜிபி5000 மாதிரி ஒன்று இருநூறு முந்நூறு வெள்ளி. காற்றுத் தடையில் முக்கால்வாசி ஓட்டுகிறவரின் உடம்புதான், வண்டி இல்லை. ஆகவே உட்காரும் நிலையைச் சரி செய்ய ஒரு நல்ல ஃபிட்டிங் போனால், பத்தாயிரம் வெள்ளிச் சக்கரம் கொடுப்பதைவிட அதிகம் கிடைக்கும். செராமிக் பேரிங், பின்னால் சங்கிலி சுற்றிவரும் பெரிய ஜாக்கி வீல் என்று இரண்டாயிரத்துக்கு மேல் விற்கிறார்களே, அதில் கிடைப்பது ஒன்றிரண்டு வாட். நானே அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

---

கெர்லிங் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மோல்ட் கணக்கும் ரிங்கிட் கணக்கும் இப்போது புரிகிறது, இதுவரை யாரும் இப்படி உடைத்துச் சொன்னதில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். கூட்டத்தில் ஒருவர் மின்சார செட்டுக்கு மாறப் போகிறாராம், தன் பழைய டுரா-ஏஸ் 11 ஸ்பீடு கிராங்கையும் கேசட்டையும் எனக்கு நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். டியாக்ராவில் போடலாமா? பட்டறை அண்ணன் சொன்ன ஒட்டு விஷயத்தைப் படித்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

---

தஞ்சோங் மாலிம் பட்டறை:

கேசட் வேண்டாம் தம்பி. கியர் மாற்றும் உன் ஷிஃப்டர் 10 ஸ்பீடு, அது 11 பற்சக்கரம், இடைவெளியே வேறு. ஷிஃப்டரையும் சங்கிலியையும் சேர்த்து மாற்றினால்தான் ஓடும், அப்போது நல்ல விலை என்பது நல்ல விலையாக இருக்காது.

கிராங்க் போடலாம், ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இருக்கிறது. சம்பந்தப்பட்டவை அல்டெக்ரா 6800, ஆர்8000, டுரா-ஏஸ் 9000, ஆர்9100, அதுவும் 2019 ஜூலைக்கு முன் செய்தவை. கிராங்க் கைக்குப் பின்பக்கம், பெடல் திருகும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு எழுத்து அச்சாகியிருக்கும், அதை ஷிமானோ வெளியிட்ட பட்டியலோடு ஒத்துப் பார். பட்டியலில் இருந்தால், கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு ஓடும் சேரும் கோட்டின் மேல் நகத்தால் வருடு. எங்காவது நகம் சிக்கினாலோ, மயிரிழை மாதிரிக் கோடு தெரிந்தாலோ, பெயின்ட் குமிழ் எழும்பியிருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடு. ஓட்டும்போது மிதிக்கு ஒருமுறை கிரீச் என்று சத்தம் வருகிறதா என்று அவரையும் கேள். அவர் சோதனை செய்து மாற்றி வாங்கிய கிராங்க் என்றால் பயமில்லை, ரசீது கேட்டுப் பார்.

என்னைக் கேட்டால் அதையும் வாங்க வேண்டாம். உன் டியாக்ரா கிராங்க் கொஞ்சம் கனம், அவ்வளவுதான், வளையாது, உடையாது. மூவாயிரத்தில் ஒரு ஜோடி நல்ல டயர், புதுச் சங்கிலி, பிரேக் பேட், ஒரு ஃபிட்டிங், இத்தனையும் ஆயிரத்துக்குள் முடியும். மிச்சத்தை வைத்திரு. கணக்கு அக்கா சொன்ன மாதிரி 105 போட்ட முழு வண்டி தள்ளுபடியில் வரும்போது அதோடு சேர்த்துக் கொடுக்கலாம், உன் பழைய வண்டிக்கும் இங்கே ஆள் இருக்கிறார்கள்.

---

கெர்லிங் பையன்:

சரி அண்ணே, டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போது 25 மில்லிமீட்டர் அகலம் போட்டிருக்கிறேன். 28 போகுமா?

---

ராவாங் லேத்:

ஃபிரேமைப் பார்த்தால்தான் தெரியும் தம்பி. நீயே அளக்கலாம். 25 டயரில் முழுக் காற்று ஏற்றிவிட்டு, பின்சக்கரம் செயின்ஸ்டே என்கிற இரண்டு ஃபிரேம் குழாய்களுக்கு நடுவே போகும் இடத்தில் இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று பார், பிரேக்குக்குக் கீழேயும் பார். ஆலன் கீ கட்டிலிருந்து 6 மில்லிமீட்டர் சாவியை எடுத்து மூன்று இடத்திலும் நுழைத்துப் பார், தாராளமாகப் போனால் 28 போடலாம். 5 மில்லிமீட்டர் சாவிதான் போகிறது என்றால் 25-லேயே இரு, இங்கே ஒரு மழைச் சேறு ஒட்டினால் அந்த இடைவெளி அடைத்து பெயின்ட்டை உரித்துவிடும்.